ஏகமனதாக அல்ல

786

கற்பிட்டி
18.11.2025

அன்பு மகள் அகீலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மத்துல்லாஹி.

அல்லாஹ்வுடைய உதவியால் நானும் வாப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், எனக்கு முழங்கால், அவருக்குச் சீனி வருத்தம், அவ்வளவுதான் குறை. நீயும் டிலானியும் அங்கே ஒஸ்ரேலியாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஐந்து வேளையும் கேட்கிறேன். சுகமா என்று உன்னிடம் நான் கேட்பதில்லை, கேட்டால் நீ ஒரு படத்தை அனுப்புவாய், படத்தில் எல்லோரும்தான் சிரிப்பார்கள். போன மாதம் அனுப்பிய படத்தில் உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது, நீ சோறு ஆக்கிச் சாப்பிடுகிறாயா அல்லது பாண் துண்டைக் கடித்துக்கொண்டு அந்த முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு ஓடுகிறாயா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. டிலானியிடம் கேட்டால் உண்மையைச் சொல்லுவாள் என்று நினைக்கிறேன், சிலாபத்துப் பிள்ளைகள் எதையும் மறைக்கத் தெரியாதவர்கள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. என் போனை வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் எடுத்துப் பார்க்கிறார்கள், உன் தங்கை சிபானாவின் பிள்ளைகள் விளையாட எடுத்தால் அது எத்தாளை வரைக்கும் போய் அவளுடைய மாமியார் கையிலிருந்து திரும்பி வருகிறது. தாளில் எழுதினால் உறையை ஒட்டலாம். இதை நம் ஊர்த் தபால் கந்தோரிலும் போட மாட்டேன், அங்கே இருப்பவர் எங்கள் பிரதேச சபை உறுப்பினர் ஸப்ராஸுடைய மச்சான். வெள்ளிக்கிழமை வாப்பாவின் மருந்துக்குச் சிலாபம் போகிறோம், அங்கேயே பதிவுத் தபாலில் போடுகிறேன். உறையின் வாயில் நான் பேனையால் ஒரு கோடு இழுத்திருப்பேன், அது முறிந்திருக்கிறதா என்று முதலில் பார்.

நீ கேட்டு ஆறு கிழமை ஆகிறது. உம்மா, சட்டம் மாறப் போகுதாம், நாங்க ரெண்டு பேரும் டிசம்பர்ல வரவா என்று கேட்டிருந்தாய். நான் பார்ப்போம் என்று ஒரு சொல் போட்டுவிட்டு அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. நீ அதை வேண்டாம் என்றுதான் எடுத்திருப்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம், ஆனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால் நீ மற்றதை ஒழுங்காக வாசிக்க மாட்டாய், பள்ளிக்கூடப் புத்தகத்தையே கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்த ஆள் நீ.

சட்டம் மாறவில்லை மகள். அங்கே இருந்து செய்தி வாசிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்தது போலத்தான் தெரியும். உங்களைப் போன்றவர்களைச் சிறைக்கு அனுப்பலாம் என்று வெள்ளைக்காரன் நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் எழுதி வைத்துப் போனது இன்னும் அப்படியே இருக்கிறது. மாற்றலாம், தடையில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது உண்மை, நானே பத்திரிகையில் வெட்டி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். பிறகு அந்தப் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போயிற்று. இப்போது இருப்பவர்களில் ஒருவர் கொழும்பில் ஒன்று சொல்லுகிறார், மற்றவர் அடுத்த கிழமை நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். நான் இருபது வருஷம் கருவாடு வாங்கி விற்றவள், சாக்கின் மேலே இருப்பதைப் பார்த்து ஒரு நாளும் வாங்கியதில்லை, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடியில் இருப்பதை எடுத்து மணந்து பார்த்துத்தான் வாங்கினேன். பிரதேச சபைத் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கு என் பெயரைக் கேட்டு வந்தபோது எங்கள் கட்சிக்காரரையும் அப்படித்தான் பார்த்தேன். மாதர் சங்கத்தில் இருபத்தெட்டுப் பெண்கள் நான் சொன்னால் கேட்பார்கள், அதற்காகத்தான் வந்தார்கள், என் அறிவுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்து மூன்று பாஷையிலும் கட்சித் துண்டுப்பிரசுரம் தந்தது. சிங்களத்தில் கடைசி வரிக்கு முதல் வரி, ஒருவர் யாரை நேசித்தாலும் நாட்டின் முன் அவர் சமம் என்று இருந்தது. தமிழை எடுத்துப் பார்த்தேன், அந்த வரி இல்லை. ஆங்கிலத்தைச் சிபானாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன், இருந்தது. தமிழில் மட்டும் அந்த இடத்தில் மீன்பிடி வலை மானியம் என்று போட்டிருந்தார்கள். ஏன் என்று கட்சி அமைப்பாளரிடம் கேட்டேன். அது கொழும்புக்கு தாத்தா, இங்கத்த சனத்துக்கு அது தேவல்ல என்றார், தாத்தா என்று அக்கா முறை கொண்டாடுவதில் மட்டும் குறைவில்லை. அப்படியானால் வலை மானியமாவது உண்மையா என்று கேட்டேன், அவர் தேநீர் ஆறுகிறது என்றார். இன்றைக்கு வரைக்கும் வலையும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லுகிறேன், நீ ஆலங்குடாவில் ரூம் போடலாம் என்று நினைத்திருப்பாய், வீட்டில் தங்கினால் எங்களுக்குச் சங்கடம் என்று. அங்கே காற்றாடிப் பலகையில் கடலில் ஓட வரும் வெள்ளைக்காரர் தங்கும் ஒரு விடுதியில் கண்ணாடிக் கதவில் வானவில் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, உன்னுடைய போன் உறையிலும் அது இருந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் கூகிளில் கேட்டேன். சபையிலிருந்து அனுமதிப்பத்திரம் பார்க்கப் போன நாளில் முதலாளியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் அப்படி வந்தால் ரூம் கொடுப்பீர்களா என்று. மனுசன் பதறிப்போனார். அய்யோ மிஸ், அது வெளிநாட்டு ஆக்களுக்கு, நம்மட ஆக்களுக்கு நாங்க அப்பிடியெல்லாம் குடுக்கிறல்ல, பொலிஸ் வந்தா எண்ட லைசன்ஸ் போய்டும் என்றார். ஆகவே கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்து நீ ஏமாறக் கூடாது. அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் டிலானி கூட இருப்பவள் மட்டும் இல்லை உம்மா என்று நீ சொன்னபோது போனை வைத்தவள் நான்தானே.

வீட்டுச் செய்தியும் இடையில் சொல்லிவிடுகிறேன். சிபானா மூன்றாவதுக்கு முழுகாமல் இருக்கிறாள், அவளுடைய மாப்பிள்ளைக்கு எத்தாளையில் வெங்காயம் இந்த முறை நன்றாக வந்தது, ஆனால் பம்பை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், யாரென்று எனக்குத் தெரியும், சொன்னால் உறவு முறியும். முருங்கை காற்றில் சாய்ந்தது, வாப்பா கயிறு கட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறார், பிழைக்காது. வாப்பா சீனி போடாத தேநீர்தான் குடிப்பதாக எனக்கு முன்னால் குடிக்கிறார், வாடிப் பக்கம் போனால் என்ன குடிக்கிறார் என்று அங்கே மீன் காயவைக்கும் பெண்களிடம் பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செப்டெம்பர் மாதச் சபைக் கூட்டத்தில் ஸப்ராஸ் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். அப்படிப்பட்டவர்களைச் சுற்றுலாவுக்கு அழைப்பதையும் அந்தச் சட்டத்தில் கை வைப்பதையும் இந்தச் சபை வன்மையாகக் கண்டிக்கிறது, ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். குப்பை வண்டிக்கு டயர் இல்லை, உச்சமுனைக்கு நல்ல இறங்குதுறை இல்லை, பேதுரு என்ற உறுப்பினர் மூன்று கூட்டமாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார், அதற்கெல்லாம் நேரம் இல்லை, இதற்கு முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். முஸ்லிம் உறுப்பினர், கத்தோலிக்க உறுப்பினர், பௌத்த உறுப்பினர் மூவரும் மாறி மாறி எழும்பி ஒரே மாதிரிக் கதைத்தார்கள், குடிதண்ணீர்ப் பிரச்சினைக்கு அவர்கள் ஒரு நாளும் இப்படி ஒன்றாக நின்றதில்லை. எங்கள் கட்சிக்காரர், அந்தச் சிங்களத் துண்டுப்பிரசுரத்தின் சொந்தக்காரர், என்னோடு ஆறு பேர் இருந்தோம், மற்ற ஐந்து பேரும் மேசையைத் தட்டினார்கள். நான் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கைப்பையின் ஸிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். யாருக்கும் எதிர்ப்பு இருக்கா என்று தவிசாளர் கேட்டார், கேட்டு முடியும் முன்னமே இல்லைத்தானே என்று அவரே சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போனார். நான் கை தூக்கவும் இல்லை, மேசை தட்டவும் இல்லை, ஆகவே நான் அதில் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இறால் சுண்டி இரவுச் சாப்பாடும் சாப்பிட்டேன். அந்தச் சமயத்தில்தான் நீ டிசம்பரில் வரவா என்று கேட்டதும் வந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பார்ப்போம் என்று போட்டேன்.

ஒக்டோபர் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னே போன கூட்டத்து அறிக்கை வந்தது, மற்றவர்கள் அதைப் பிரித்தும் பார்க்க மாட்டார்கள், நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பேன், வாசிக்காமல் எதையும் சரி என்று சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. ஏழாம் பக்கத்தில் இருந்தது. சமுகமளித்திருந்த பின்வரும் உறுப்பினர்கள் அனைவராலும் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்று எழுதி, பெயர் பெயராகப் போட்டிருந்தார்கள். பதினெட்டாவது பெயர் செய்னுலாப்தீன் றுக்கியா. உன்னைச் சிறைக்கு அனுப்பலாம் என்று சொல்லும் ஒரு தாளில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டது போல எனக்கு இருந்தது. அசர் தொழுகையில் எத்தனை றக்அத் தொழுதேன் என்று எனக்கே தெரியாமல் திரும்பவும் தொழுதேன்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் மகள். நம் பெண்களைத் தவிர வேறு யாருக்கு இது தெரிய வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது, ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பம் நிரப்பித் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன், என் வாப்பா இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் வந்து, இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்து வைக்கச் சம்மதமா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்திருந்தேன். மூன்று தரம் கேட்டார்கள், நான் பேசவில்லை. பொம்புள வெக்கப்படுது, சம்மதம்தான் என்று சாட்சி ஒருவர் சொன்னார், வெளியே போய் எழுதிவிட்டார்கள். உன் வாப்பா நல்ல மனுசன், அதில் எனக்குக் குறையில்லை, ஆனால் அந்த விண்ணப்பத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பேசாமல் இருந்தால் ஓம் என்று எழுதுவார்கள் என்று பத்தொன்பது வயதில் படித்த நான், ஐம்பத்தெட்டு வயதில் சபையில் போய் அதே மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து, தப்பிவிட்டேன் என்று நினைத்திருக்கிறேன்.

நீ அப்படி இருக்கவில்லை. ஒன்பது வருஷமாக நாம் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, இன்றைக்கு எழுதுகிறேன். வாப்பா சாட்சிகளோடு உள்ளே வந்து உன்னைக் கேட்டபோது மாமிமார் எல்லோரும் உன் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நீ வாய் திறக்கப் போவது எனக்குத் தெரிந்தது, உன் இடது கையை முழங்கைக்கு மேலே நான் கிள்ளிப் பிடித்தேன். பேசாமல் இரு என்று கிள்ளினேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாப்பாவைப் பார்த்து, எனக்குச் சம்மதமில்லை வாப்பா என்று சொன்னாய். வெளியே பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், சஹன் தட்டுகளுக்குச் சோறு போடத் தொடங்கிவிட்டார்கள். நான் அன்றைக்கு வாப்பாவின் காதில், வெக்கத்துல தலையாட்டினா எண்டு செல்லுங்க என்று சொன்னேன். அது உனக்குத் தெரியாது. இதுவரை ஒருவருக்கும் தெரியாது. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குப் போய், மகளுக்குச் சம்மதமில்லை, மன்னிச்சுக்கொங்க என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் பள்ளியில் பின் வரிசையில் நின்றுதான் தொழுதார், ஆனால் நீ சொல்லாததை அவர் சொல்லவில்லை. கிள்ளியது என் பிழை, அவரைப் பொய் சொல்லச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை, அல்லாஹ்விடம் கேட்டுவிட்டேன், உன்னிடமும் கேட்கிறேன், என்னை மன்னித்துக்கொள்.

கூட்டத்து நாளில் அறிக்கையை உறுதிப்படுத்துவதற்கு முன் திருத்தம் உண்டா என்று வழக்கமாகக் கேட்பார்கள், வழக்கமாக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் எழும்பினேன். ஏழாம் பக்கத்தில் என் பெயர் பிழையாகப் போடப்பட்டிருக்கிறது, நான் அந்தப் பிரேரணைக்கு ஓம் சொல்லவில்லை என்றேன். மறுப்புச் சொல்லவும் இல்லையே மிஸ் என்றார் தவிசாளர். அதுதான் என் பிழை, இப்போது சொல்லுகிறேன், எனக்குச் சம்மதமில்லை என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உன்னுடைய சொல் என்று எனக்கு விளங்கியது. செயலாளர் சிங்களப் பிள்ளை, நல்ல பிள்ளையா கெட்ட பிள்ளையா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை, எனக்கு ஒரு வழி காட்டுகிறாள், நடுநிலை எண்டு எழுதவா மிஸ், அது பிரச்சினை இல்லை என்றாள். அந்த இடத்தில் எனக்கு ஆசை வந்தது, உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நடுநிலை என்றால் கட்சியும் என்னைச் சும்மா விடும், ஊரும் சும்மா விடும், சிபானாவின் மாமியாரும் வாயை மூடுவா. ஆட்சேபம் என்று எழுதுங்கள் என்றேன். அப்போதுதான் ஸப்ராஸ் எழும்பி, தாத்தாட மகள் ஒஸ்ரேலியாவுல என்ன மாதிரி இரிக்கிற எண்டு எங்களுக்கும் தெரியும் என்றார். சிலர் சிரித்தார்கள். தெரிஞ்சா நல்லம் தம்பி, அப்ப நான் செல்லத் தேவல்ல என்றேன். சிரிப்பு நின்றது. திருத்தத்துக்கு வழிமொழிய ஒருவர் வேண்டும் என்றார் தவிசாளர், யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. எங்கள் கட்சி ஐந்து பேரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு உச்சமுனைப் பேதுரு கையைத் தூக்கி, அவ சொல்லாததை எழுதினது பிழைதானே, நான் வழிமொழியிறன் என்றார்.

பேதுரு ஏன் கை தூக்கினார் என்று நான் ஒரு மாதமாக யோசிக்கிறேன். மூன்றாம் நாள் ஒரு பெட்டி கணவாய் மீனோடு வீட்டுக்கு வந்து, அக்கா இறங்குதுறைப் பிரேரணைக்கு உங்கட கை வேணும் என்றார். அதற்குத்தானா என்று கேட்டேன். அதுக்கும்தான் என்றார். அதுக்கும் என்றால் வேறு எதற்கு என்று கேட்டேன், மனுசன் கடலைப் பார்த்தார். கணவாயைத் திருப்பி அனுப்பினேன், கையைத் தூக்குவேன். அவருக்குள் இரண்டும் இருக்கலாம், நான் இனி அவரைத் தோண்டிப் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். கட்சி அமைப்பாளர் போன் பண்ணி, பட்டியல்ல போட்டது நாங்க, எடுக்கவும் எங்களுக்குத் தெரியும் என்றார். உங்கள் சிங்களத் துண்டுப்பிரசுரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, எடுக்கும்போது சொல்லுங்கள், அதையும் கொண்டுவருகிறேன் என்றேன். இன்னும் எடுக்கவில்லை, எடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். மாதர் சங்கத்தில் நாலு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி மட்டும், அவள் பெயரை எழுத மாட்டேன், கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்து அழுதாள், ஏன் அழுகிறாய் என்று நான் கேட்கவில்லை, அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான்.

ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கதிரையைத் திருப்பி வேலியைப் பார்க்கப் போட்டுக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் நானாகவே, பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன், சொன்னாங்க என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவ செல்லினது அவட சொல், எண்ட வீட்டுப் பொம்புளைகள்ட சொல்ல நான் மாத்திச் செல்லுறல்ல எண்டு சென்னேன் என்றார். அதற்குப் பிறகும் அவருக்குக் கோபம் போகவில்லை, உன்மேலும் என்மேலும் இருக்கிறது. உன் விஷயம் அவருக்கு விளங்கவும் இல்லை. எனக்கும் முழுதாக விளங்கவில்லை மகள், நான் படித்த ஓதலுக்கும் உன் வாழ்க்கைக்கும் நடுவில் நின்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். ஆனால் உன்னைக் கணக்குக் கேட்க அல்லாஹ் இருக்கிறான், அந்த வேலையைப் பொலிஸ்காரனிடமும் ஸப்ராஸிடமும் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில். சட்டம் மாறுகிறது என்று நம்பி வராதே. கொழும்பில் யாரும் சொன்னதை நம்பி வராதே, கண்ணாடியில் ஒட்டியதை நம்பியும் வராதே. உன் உம்மா ஓம் என்று சொல்லுகிறாள், அதை நம்பி வா, டிலானியையும் கூட்டிக்கொண்டு வா. எயார்போட்டில் இருந்து வாடகை வான் பிடிக்க வேண்டாம், சிபானாவின் மாப்பிள்ளை வருவான், நான் அவனோடு கதைத்துவிட்டேன், அவன் முகத்தைச் சுளித்தான், வருவான். ரோட்டில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், இது உன்னை வெட்கப்பட்டுச் சொல்வது இல்லை, பயந்து சொல்வது. படம் எடுத்தால் நீங்கள் இங்கிருந்து திரும்பிப் போகும்வரை எங்கேயும் போடாதீர்கள். டிலானியின் வீட்டார் அவளை ஏற்றுக்கொள்கிறார்களா என்று தெரியாமல் சிலாபத்துக்குப் போகவும் வேண்டாம், முதலில் நான் போய்ப் பார்க்கிறேன், அவளுடைய தாய் சந்தைக்கு வருவாவாம், கருவாடு வாங்குவதுபோல நின்று ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். போன கிழமை வாப்பா உன் அறையைத் திறந்து சுண்ணாம்பு அடித்தார், நான் கேட்கவில்லை, அவராகத்தான். அடித்துவிட்டு வந்து, ஒரு கட்டில்தான் இரிக்கி, இன்னொண்டு செய்யச் செல்லவா என்று கேட்டார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சரி, மெத்தையையாவது வெயிலில் போடுவம் என்று போய்விட்டார்.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் ஈமானையும் அல்லாஹ் தருவானாக, வழியில் வரும் கெட்ட கண்ணையும் கெட்ட வாயையும் தூரமாக்குவானாக. வாப்பாவும் ஸலாம் சொல்லச் சொன்னார், உனக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் மகளுக்கு என்று சொல்லாமல் மக்களுக்கு என்று பன்மையில் சொன்னார். வரும்போது எனக்குச் சாக்லேட் எல்லாம் வேண்டாம், முழங்காலுக்குப் பூசும் அந்த நீலப் போத்தல் மருந்து போதும், வாப்பாவுக்குச் சீனி பார்க்கும் மெஷினுக்கு ஊசி.

இந்த உறைக்குள் இன்னொரு தாள் இருக்கும். அறிக்கையில் திருத்துகிறோம் என்று சொல்லிவிட்டுத் திருத்தாமல் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஆகவே மூன்று தரம் கந்தோருக்குப் போய், சிங்களத்திலும் தமிழிலும் இரண்டிலும் திருத்தியிருக்கிறதா என்று என் கண்ணால் பார்த்து, முத்திரை குத்தி வாங்கின பிரதி. ஏகமனதாக என்ற சொல் வெட்டப்பட்டிருக்கிறது, கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். தமிழை நீ வாசி, சிங்களத்தை டிலானி வாசிக்கட்டும், இரண்டிலும் ஒரே விஷயம்தான் இருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உன் கையைக் கிள்ளிய உம்மா,
செ. றுக்கியா
(ஆட்சேபம்: ஒருவர்)